அக்கம்பக்கத்து இரைச்சல்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பார்க்ஸ் என்ற ஊருக்கு வெளியே ஆடுகள் மேயும் சமவெளியில், 64 மீட்டர் அகலக் கிண்ணம் கொண்ட ரேடியோ தொலைநோக்கி ஒன்று 1961 முதல் வேலை செய்துவருகிறது. நிலவில் மனிதன் கால்வைத்த காட்சியை உலகத்துக்கு அனுப்பியதில் அதற்கும் பங்கு உண்டு. அதன் பதிவுகளில் 1998 முதலே ஒரு விநோதமான சிக்னல் அவ்வப்போது தலைகாட்டியது. நீளம் கால் விநாடி. 1.4 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தொடங்கி, அதிர்வெண் மேலிருந்து கீழாக வழுக்கிக்கொண்டே வந்து மறையும். வெகு தொலைவிலுள்ள விண்பொருளிலிருந்து வரும் துடிப்பும் இப்படித்தான் வழுக்கும். வழிநெடுக விண்வெளியில் சிதறிக் கிடக்கும் எலக்ட்ரான்கள் தாழ்ந்த அதிர்வெண்களைக் கூடுதலாகத் தாமதப்படுத்துகின்றன. உயர்ந்தவை முந்திக்கொண்டு வந்துசேர, தாழ்ந்தவை பின்தங்கி வரும்.

ஆகவே இது அண்டவெளிச் சமாசாரமாக இருக்கலாம். இருந்தாலும் இடித்தது. தொலைநோக்கியின் பெறும் கருவி ஒரே நேரத்தில் வானத்தின் பதின்மூன்று புள்ளிகளைப் பார்க்கக்கூடியது. உண்மையான விண்பொருள் என்றால் ஒன்றிரண்டு புள்ளிகளில்தான் தெரிய வேண்டும். இந்தச் சிக்னலோ பதின்மூன்றிலும் ஒருசேரத் தெரிந்தது. அப்படியென்றால் பக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது. 2011இல் இதை ஆராய்ந்து எழுதிய சாரா பர்க்-ஸ்போலாரும் குழுவினரும் அதற்குப் 'பெரிடான்' என்று பெயர் வைத்தார்கள். போர்ஹேஸின் கற்பனை விலங்குகள் தொகுப்பில் வரும் சிறகு முளைத்த மான் அது. அதன் நிழல் மட்டும் மனித நிழலாக விழும். பெயர் வைத்தவர்களுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கிறது.

சந்தேகம் வேறொரு கண்டுபிடிப்பையும் பிடித்துக்கொண்டது. 2007இல் டங்கன் லாரிமர் குழு, இதே தொலைநோக்கியின் 2001ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து சில மில்லி விநாடிகளே நீடித்த பலமான துடிப்பு ஒன்றை எடுத்துக் காட்டி, இது நம் பால்வீதிக்கு வெளியிலிருந்து வந்தது என்று அறிவித்திருந்தது. பெரிடான் உள்ளூர்ச் சரக்கு என்றால் லாரிமரின் துடிப்பு மட்டும் எப்படி அசலாகும் என்று பலர் கேட்டார்கள்.

2014 டிசம்பரில் வளாகத்தில் ஒரு இடையூறு கண்காணிப்புக் கருவியைப் பொருத்தினார்கள். அடுத்த மாதமே மூன்று பெரிடான்கள் சிக்கின. மூன்று முறையும் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு சிக்னல் கூடவே இருந்தது. மைக்ரோவேவ் ஓவன் வேலை செய்யும் அதிர்வெண் அது. பழைய பதிவுகளைப் புரட்டினால், பெரிடான்கள் பெரும்பாலும் வேலை நாட்களில், அலுவலக நேரத்தில் வந்திருந்தன. எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவி தலைமையில் வளாகத்து ஓவன்களைச் சோதித்தார்கள். ஓவன் தானாக நின்றால் ஒன்றும் இல்லை. நேரம் முடியுமுன் பொறுமையில்லாமல் யாராவது கதவைத் திறந்தால், உள்ளே மேக்னெட்ரான் அணையும் அந்தக் கணத்தில் 1.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சிணுங்கல் வெளியே தப்பிவிடுகிறது. தொலைநோக்கி தோதான கோணத்தில் திரும்பியிருந்தால் அது பெரிடான்.

செய்தி வெளியான 2015இல் உலகமே சிரித்தது. சிரிக்காமல் பார்த்தால் இது கறாரான துப்பறிதல். ஓவனின் சிக்னலைப் பிரித்து ஒதுக்கிய பிறகு, லாரிமரின் துடிப்பு அசல்தான் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. வேக ரேடியோ வெடிப்புகள் என்று இன்று ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கும் அந்த வகைக்கு முதல் உதாரணம் அதுவே.

நடந்த இடமும் கவனிக்கத் தக்கது. நகரத்துக்கு வெகு தூரத்தில், மலையும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த இடத்தில், ரேடியோ அலைகளைப் பற்றி உலகில் மிக நன்றாகத் தெரிந்தவர்கள் வேலை செய்யும் வளாகத்துக்குள்ளேயே, மதியச் சாப்பாட்டைச் சூடாக்கிய ஓவன் பதினேழு ஆண்டுகள் ஒளிந்திருந்தது. இந்த அத்தியாயம் சொல்லப்போகும் ரேடியோ அமைதி மண்டலங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதை பொருந்தும். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு 'இங்கே சத்தம் கூடாது' என்று எழுதிவிட்டால் அமைதி வந்துவிடாது. ஆள் வைத்து, தினமும், வீடு வீடாகச் சம்பாதிக்க வேண்டிய பண்டம் அது.

எவ்வளவு நுட்பமான சிக்னலுக்காக இத்தனை பாடு என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேடியோ வானியலில் அளவு அலகின் பெயர் ஜான்ஸ்கி. ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் வந்து விழும் ஆற்றலை வாட் கணக்கில் எழுதினால், ஒன்றை, பின்னால் 26 சுழியங்கள் போட்ட எண்ணால் வகுத்த அளவு அது. கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம் பொறியாளர். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பேசும் ரேடியோ தொலைபேசியில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஃபோர்டு காரின் சக்கரங்களில் ஏற்றிச் சுழலவிட்ட ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, அருகில் இடிமழை, தொலைவில் இடிமழை என்று பிரித்துக்கொண்டே போனவருக்குக் கடைசியில் ஒரு மெல்லிய சீறல் மிஞ்சியது. அது தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. நட்சத்திரங்களும் தினமும் நான்கு நிமிடம் முன்னதாகத்தான் உதிக்கும். சீறல் பால்வீதியின் மையத்திலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். இந்தத் துறையே இரைச்சல் பற்றிய ஒரு புகார் விசாரணையில் பிறந்தது.

இப்போது கணக்கு. ஒரு வாட் சக்தியில் பேசும் பழைய 2ஜி செல்போன் ஒன்றை நிலவில் வைத்துவிட்டு வருகிறோம் என்று கொள்ளுங்கள். அது தன் சக்தியை 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எல்லாத் திசையிலும் இறைக்கிறது. பூமிக்கு வரும்போது சுமார் 270 ஜான்ஸ்கி. வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களின் பட்டியலில் அந்தச் செல்போன் முன்வரிசையில் இடம்பிடித்துவிடும். அதே செல்போன் தடையேதும் இல்லாமல் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? நாற்பதாயிரம் கோடி ஜான்ஸ்கி. வானியலாளர் தேடும் தொலைதூரக் காலக்ஸிகளோ ஒரு ஜான்ஸ்கியில் பத்து லட்சத்தில் சில பங்கு. தம்பூராவின் கார்வையைக் கேட்க உட்கார்ந்தவர் காதடியில் ஆயிரம்வாலாவைக் கொளுத்துவதுகூட இதற்கு ஈடாகாது.

தொலைநோக்கி வானத்தைத்தானே பார்க்கிறது, தரையில் இருக்கும் செல்போன் அதற்கு எப்படிக் கேட்கும் என்ற கேள்வி நியாயமானது. எந்த ஆன்டெனாவும் ஒரே திசையை மட்டும் கேட்பதில்லை. முன்னால் கூர்மையாகவும், பக்கவாட்டிலும் பின்னாலும் லேசாகவும் கேட்கும். அப்படி லேசாகக் கேட்பதே மேற்படி கணக்கில் போதும்.

அதிர்வெண்களைப் பங்கிட்டுக் கொடுத்துத் தீர்க்கலாமே என்றால், அதுவும் நடக்கிறது. ஹைட்ரஜன் அணு 1420.4 மெகாஹெர்ட்ஸில் தானாக ஒரு கதிரை உமிழ்கிறது. ஹென்க் வான் டெ ஹுல்ஸ்ட் 1944இல் கணித்ததை, யுவனும் பர்செல்லும் ஹார்வர்டில் 1951இல் பிடித்தார்கள். அண்டத்தில் அதிகம் இருப்பது ஹைட்ரஜன் என்பதால் இதைவிட முக்கியமான ஒற்றை அதிர்வெண் வானியலில் இல்லை. சர்வதேச விதிப்படி 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகில் யாரும் ஒலிபரப்பக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், அண்டம் விரிகிறது. விலகிப்போகும் காலக்ஸியின் ஹைட்ரஜன் கதிர் நீண்டு, தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறங்கிவிடுகிறது. எவ்வளவு பழைய காலத்தைப் பார்க்கிறோமோ அவ்வளவு கீழே. அண்டம் பிறந்து 30 கோடி ஆண்டு வாக்கில், முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்து ஹைட்ரஜன் இன்று நமக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அருகில் வந்துசேர வேண்டும். அங்கேதான் எஃப்.எம். ரேடியோ உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏறினால் டிவி, செல்போன், விமானத் தொடர்பு. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல முடியாது. அலைவரிசையைப் பாதுகாக்க முடியாதபோது இடத்தைப் பாதுகாப்பது ஒன்றே வழி.

அப்படிப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் மூத்தது அமெரிக்காவில் இருக்கிறது. 1950களில் தேசிய ரேடியோ வானியல் நிலையத்துக்கு இடம் தேடியவர்கள் மேற்கு வர்ஜீனியாவின் அலிகெனி மலைகளுக்குள் க்ரீன் பேங்க் என்ற பள்ளத்தாக்கைத் தேர்ந்தார்கள். நாலு பக்கமும் மலை, ஆள் குறைவு, தொழிற்சாலை இல்லை. மேற்கு வர்ஜீனியா சட்டமன்றம் 1956லேயே ஒரு சட்டம் போட்டது: நிலையத்தைச் சுற்றிப் பத்து மைல் வரை, இடையூறு தரும் மின்கருவி எதையும் இயக்கக் கூடாது. இரண்டாண்டு கழித்து, 1958இல், மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் இன்னும் பெரிய வட்டத்தை, சரியாகச் சொன்னால் செவ்வகத்தை, வரைந்தது. பரப்பு 13,000 சதுர மைல், அதாவது சுமார் 34,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடச் சற்றுக் குறைவு.

அறிவியலுக்காக ஒரு அரசாங்கம் இவ்வளவு நிலத்தை வாய்மூடச் சொன்னதா என்று வியக்குமுன், செவ்வகத்துக்குள் இருக்கும் இன்னொரு ஊரையும் பார்க்க வேண்டும். சுகர் க்ரோவ். அங்கே அமெரிக்கக் கடற்படை, 183 மீட்டர் அகலத்தில் உலகின் மிகப் பெரிய கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. சோவியத் நாட்டின் ரேடியோ சிக்னல்கள் நிலவில் பட்டுத் திரும்புவதை ஒட்டுக்கேட்பது திட்டம். செலவு எகிறியதால் 1962இல் கைவிட்டார்கள். ஆனால் ஒட்டுக்கேட்கும் வேலை அங்கே வேறு ஆன்டெனாக்களோடு தொடர்ந்தது. வானியலாளருக்கும் உளவாளிக்கும் வேண்டியது ஒன்றே என்பதால்தான் இந்த மண்டலம் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது என்பது என் கணிப்பு. கலிலியோவின் வாரிசுகள் மட்டும் கேட்டிருந்தால் வாஷிங்டன் இவ்வளவு தாராளமாக இருந்திருக்காது.

பத்திரிகைகள் இந்த மண்டலத்தைப் பற்றி எழுதும்போது ஒரு பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன: 34,000 சதுர கிலோமீட்டரில் செல்போனுக்குத் தடை என்று. அப்படி இல்லை. பெரிய செவ்வகத்துக்குள் டிவியும் எஃப்.எம்.மும் செல்போனும் உண்டு. புதிதாக நிலையான டவர் எழுப்புகிறவர்கள் முன்கூட்டியே நிலையத்தோடு கலந்து பேச வேண்டும் என்பதுதான் விதி. சக்தியைக் குறை, ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பு, மலைக்கு மறுபுறம் நகர்த்து என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அருகிலுள்ள ஸ்னோஷூ பனிச்சறுக்கு விடுதிக்கு, பெரிய டவருக்குப் பதிலாகக் குறைந்த சக்தியில் பேசும் சின்னச் சின்ன ஆன்டெனாக்களைப் பரப்பிச் செல்போன் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான கெடுபிடி அந்தப் பத்து மைல் உள்வட்டத்தில்தான். க்ரீன் பேங்க் ஊருக்குள் செல்போன் டவர் கிடையாது. மக்கள்தொகை இருநூறைத் தொடாது.

வளாகத்துக்குள் போனால் கெடுபிடி இன்னும் இறுகும். தொலைநோக்கியை நெருங்கும் வண்டிகள் எல்லாம் டீசல். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு ரேடியோ சொடுக்கை வெளியே விடும். டீசலில் பிளக்கே இல்லை. டிஜிட்டல் கேமரா கூடாது. ஃபிலிம் கேமரா என்றால் சரி. தொலைநோக்கியை இயக்கும் கணினிகள் இருக்கும் அறையின் சுவர்களில் உலோகம் பதித்துக் கவசம் இட்டிருக்கிறார்கள். அமைதி காக்கும் நிலையத்திலேயே மிகப் பெரிய சத்தக்காரன் அதன் சொந்தக் கணினிதான்.

இத்தனைக்கும் நடுவே நிற்பது 100 மீட்டருக்கு 110 மீட்டர் அளவுள்ள கிண்ணம். 2000ஆம் ஆண்டில் திறந்தது. எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய தொலைநோக்கிகளில் இதைவிடப் பெரியது இல்லை. அதற்கு முன் அங்கிருந்த 91 மீட்டர்க் கிண்ணம் 1988 நவம்பர் 15 இரவு, இணைப்புத் தகடு ஒன்று விட்டுப்போய், மொத்தமாகச் சரிந்து விழுந்தது. இரும்புக் குவியலைப் பார்த்த மேற்கு வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பர்ட், புதியதற்குப் பணம் வாங்கிக் கொடுத்தார். தொலைநோக்கி இன்று அவர் பெயரில் இருக்கிறது.

க்ரீன் பேங்கில் எனக்குப் பிடித்த பாத்திரம் தொலைநோக்கி அல்ல. கூரையில் ஆன்டெனா கட்டிய வண்டியில் கிராமச் சாலைகளில் சுற்றும் இடையூறு வேட்டைக்காரர். பதிவில் புதிய இரைச்சல் ஒன்று தெரிந்தால் அவர் கிளம்புவார். ஆன்டெனாவைச் சுழற்றித் திசை பார்ப்பார், கொஞ்ச தூரம் போய் மறுபடி பார்ப்பார். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பார். உள்ளே பழைய மின்போர்வை ஒன்றின் கம்பி நைந்து பொறி தட்டிக்கொண்டிருக்கும். அல்லது மாட்டைத் தடுக்கப் போட்ட மின்வேலியில் புல் வளர்ந்து உரசிக்கொண்டிருக்கும். ஒருமுறை குற்றவாளி, நாய்க்கூண்டில் நாய்க்குக் குளிராமல் இருக்கப் போட்டிருந்த சூட்டு மெத்தை. சட்டப் புத்தகத்தில் நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம் என்று இருக்கிறது. ஆனால் மெத்தையைப் பிடுங்கிக்கொண்டு அபராதச் சீட்டு எழுதினால் அடுத்த வீட்டில் யார் கதவைத் திறப்பார்கள்? நிலையத்தின் செலவிலேயே புது மெத்தை வாங்கிக் கொடுப்பதுதான் வழக்கம். பறக்கும் அணில்கள் செய்த கலாட்டாவும் உண்டு. வனவிலங்கு ஆராய்ச்சியாளர்கள் அவற்றின் நடமாட்டத்தைத் தொடரச் சின்ன ரேடியோ கருவிகளைக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்தச் சிக்னல் தொலைநோக்கியின் பட்டைக்குள் வந்து விழுந்தது. அணிலுக்கு மண்டலத்தின் எல்லை தெரியாது.

இந்த ஏற்பாடு மின்போர்வைக் காலத்துக்குச் சரி. வைஃபை வந்தபின் தடுமாறிப்போனது. ஸ்டீபன் கர்சி என்ற பத்திரிகையாளர் அங்கே தங்கிப் பழகி 2021இல் வெளியிட்ட புத்தகம், உள்வட்டத்துக்குள்ளேயே வீட்டுக்கு வீடு வைஃபை ஓடுவதைப் போட்டு உடைத்தது. பிள்ளைகளின் பாடம் இணையத்தில் இருக்கும்போது, நூறு ஒளியாண்டு தள்ளியிருக்கும் வாயு மேகத்துக்காக ரவுட்டரை அணைக்கச் சொன்னால் எந்தத் தாய் கேட்பாள்? தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களின் புகார் இன்னும் கனமானது. மலையிடுக்கில் விபத்து நடந்த இடத்திலிருந்து ரேடியோவில் பேச முடியவில்லை என்கிறார்கள். அதைத் தட்டிவிட முடியாது.

எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. செல்போன், வைஃபை அலைகள் தங்கள் உடலை வதைப்பதாகச் சொல்லும் மனிதர்கள் 2000களின் பிற்பாதியிலிருந்து க்ரீன் பேங்கைத் தேடிக் குடியேறினார்கள். அலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் நடத்திய சோதனைகளில், அவர்களின் உபாதைக்கும் அலைக்கும் தொடர்பு தென்படவில்லை. உபாதை பொய் என்று அர்த்தமில்லை, காரணம் வேறு. அறிவியலுக்காக உண்டாக்கிய அமைதி, அறிவியல் ஏற்காத நம்பிக்கைக்கும் புகலிடம் ஆயிற்று.

பின்னால் வந்த நாடுகள் ஊருக்குள் கெஞ்சுவதைவிட ஊரே இல்லாத இடத்துக்குப் போய்விடுவது மேல் என்று முடிவுசெய்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் வட்டாரம் நெதர்லாந்து அளவு பெரிது. வசிப்பவர்கள் சுமார் நூறு பேர். நடுவிலிருந்து 70 கிலோமீட்டர் வரை கடுமையான கட்டுப்பாடு, 260 கிலோமீட்டர் வரை முன்கூட்டிக் கலந்து பேச வேண்டிய கட்டாயம். எஸ்.கே.ஏ. என்ற பன்னாட்டுத் தொலைநோக்கியின் தாழ் அதிர்வெண் பகுதிக்காக, கிறிஸ்துமஸ் மரம் போன்ற 1,31,072 ஆன்டெனாக்கள் அங்கே நடப்படுகின்றன. ஆளில்லாத நிலம் என்று எழுதிவிடத் தோன்றும். அது வஜாரி யமாஜி மக்களின் நிலம். நிலைய வளாகத்துக்கு அவர்கள் மொழியில் வைத்த பெயருக்கு 'வானையும் விண்மீன்களையும் பகிர்தல்' என்று பொருள். எஸ்.கே.ஏ.வின் மறுபாதி தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தில். அங்கே 2007இல் வானியலுக்கென்றே தனிச்சட்டம் இயற்றி, ஆட்டுப் பண்ணைகளை விலைக்கு வாங்கினார்கள். அந்த நிலம் இப்போது மீர்கேட் தேசியப் பூங்கா. சீனாவின் வழி நேரடியானது. குய்சோ மலைகளில் 2016இல் திறந்த 500 மீட்டர்த் தொலைநோக்கிக்காக ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்திலிருந்து ஒன்பதாயிரம் பேர் வரை வேறிடம் பெயர்க்கப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் பக்கவாட்டில் நன்றாக வேலை செய்கின்றன. மேலே பார்த்தால் ஓட்டை. க்ரீன் பேங்க் விதி தரையில் நிலையாக நிற்கும் டவர்களுக்குத்தான். தலைக்கு மேல் பறக்கும் செயற்கைக்கோளை அது கட்டுப்படுத்தாது. இன்று ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஸ்டார்லிங்க் மட்டுமே ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. நெதர்லாந்தின் லோஃபார் தொலைநோக்கியை வைத்து 2023இல் பார்த்தவர்கள், இந்தச் செயற்கைக்கோள்கள் ஒலிபரப்பவே அனுமதியில்லாத 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கசிவதைக் கண்டார்கள். ஒலிபரப்பு அல்ல, உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றுகளின் கசிவு. பார்க்ஸ் ஓவனின் உறவுக்காரன். அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள்களின் கசிவு 32 மடங்கு வரை பலமானது என்று 2024இல் தெரியவந்தது. இப்படித் தற்செயலாகக் கசிவதைத் தடுக்கச் சர்வதேச விதி எதுவும் இல்லை. தொலைநோக்கி பார்க்கும் திசையைக் கடக்கும்போது மட்டும் ஒளிக்கற்றையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை அமெரிக்க நிலையமும் ஸ்பேஸ்எக்ஸும் சேர்ந்து சோதித்திருக்கின்றன. கம்பெனி விரும்பும்வரை அது நடக்கும்.

நிலவின் மறுபுறம் ஒன்றுதான் பாக்கி. 1973இல் நிலவைச் சுற்றிய அமெரிக்க ரேடியோ ஆய்வுக்கலம், நிலவுக்குப் பின்னால் போன ஒவ்வொரு முறையும் பூமியின் இரைச்சல் அறுந்துபோனதைப் பதிவு செய்தது. அந்தப் பகுதியைக் கவச மண்டலமாகச் சர்வதேச ரேடியோ விதிகள் ஏற்றிருக்கின்றன. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம்கூட, முதல் நட்சத்திரக் காலத்து ஹைட்ரஜனைத் தேட, பிரதுஷ் என்ற கருவியை நிலவின் சுற்றுப்பாதைக்கு அனுப்பும் யோசனையில் இருக்கிறது. ஆனால் சீனா 2019இலும் 2024இலும் அங்கே கலங்களை இறக்கி, அவற்றோடு பேசச் செயற்கைக்கோள்களையும் நிறுத்திவிட்டது. ஆள் போகும் இடமெல்லாம் ரேடியோவும் கூடவே போகும்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் ரேடியோ வானியலை வேரூன்றச் செய்தவர் கோவிந்த் ஸ்வரூப். அவரது முதல் பெரிய கட்டுமானம் நம் நீலகிரியில்தான், ஊட்டியை அடுத்த முத்தோரையில். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காகச் சாயும் மலைச்சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 பாகை, இருக்கும்படி தேடிப்பிடித்து 1970இல் முடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். தேயிலையும் முட்டைக்கோசும் விளையும் அந்த மலை அன்று ரேடியோவுக்கு அமைதியான இடம்.

அடுத்து ஸ்வரூப் புனேக்கு வடக்கே 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தைத் தேர்ந்து ஜி.எம்.ஆர்.டி. என்ற தொலைநோக்கியைக் கட்டினார். ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலத்தில் முப்பது கிண்ணங்கள். பதினான்கு நடுவில் நெருக்கமாக, மீதி மூன்று கைகளாக 25 கிலோமீட்டர் வரை விரிந்து. கனத்த தகடு இல்லை, மெல்லிய கம்பி வலை. மீட்டர் நீள அலைகளுக்கு அதுவே போதும். செலவை வெகுவாகக் குறைத்த வடிவமைப்பு இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள் மும்பையின் இரைச்சலை மறைக்கின்றன. இங்கே கிடைத்த அமைதியின் பலன் ஒன்று: 880 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு காலக்ஸியின் ஹைட்ரஜன் உமிழ்ந்த கதிரை இதைக்கொண்டு பிடித்ததாக அர்ணப் சக்ரவர்த்தியும் நிருபம் ராயும் அறிவித்தார்கள். 1420இல் கிளம்பிய கதிர் 620 மெகாஹெர்ட்ஸ் அருகில் வந்து சேர்ந்தது. டிவிக்கு ஒதுக்கிய பட்டை அது. நகரத்துக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் தேடியிருக்கவே முடியாது.

ஆனால் கோடத் மர்ச்சிசன் அல்ல. கிண்ணங்கள் தக்காளி, வெங்காயம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கின்றன. ஜுன்னர் தாலுகாவில் மட்டும் நான்கு லட்சம் பேர் வாழ்கிறார்கள். இங்கே முதல் எதிரி செல்போன்கூட இல்லை, மின்கம்பி. 11 கிலோவோல்ட் கம்பத்தில் பீங்கான் இன்சுலேட்டர் விரிசல் விட்டாலோ, இணைப்பு தளர்ந்தாலோ, கண்ணுக்குத் தெரியாமல் பொறி பறந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பொறியும் அகலமான பட்டையில் ரேடியோ இரைச்சலைக் கொட்டும். கை ஆன்டெனாவோடு கம்பி வழியே போய்ப் பழுதைக் கண்டுபிடித்து மின்வாரியத்திடம் சொல்லிச் சரிசெய்வது இடையூறுக் குழுவின் அன்றாட வேலை. ஆன்டெனா டிவிக் காலத்தில் மட்டமான பூஸ்டர்கள் படுத்திய பாடு வேறு. சரியாக வடிவமைக்காத பூஸ்டர் தானே ஊசலாடத் தொடங்கி, பெறுவதற்குப் பதில் ஒலிபரப்ப ஆரம்பித்துவிடும். எல்லாவற்றையும் தரையில் அடக்க முடியாது என்று தெரிந்ததால், பொறி இரைச்சலை அந்தந்தக் கணமே இனம்கண்டு நீக்கும் மின்னணு வடிகட்டிகளையும் பொருத்திக்கொண்டார்கள்.

இப்போதைய தகராறு ரயில். புனேயையும் நாசிக்கையும் இணைக்கும் வேக ரயில்பாதை நாராயண்காவ் வழியாகத் திட்டமிடப்பட்டது. மின்சார ரயிலின் தலையில் உள்ள பாண்டோகிராஃப் 25 கிலோவோல்ட் கம்பியை உரசிக்கொண்டு போகும்போது பொறிகள் தொடர்ந்து பறக்கும். ஒரு இன்சுலேட்டரை மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. தொலைநோக்கிக்குப் பாதிப்பு வரும் என்பதால் அந்த வழி வேண்டாம் என்று ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. ஷிர்டி வழியாகச் சுற்றிப்போகும் பாதை பேசப்படுகிறது. வெங்காயமும் தக்காளியும் சீக்கிரம் சந்தைக்குப் போகும் என்று காத்திருந்த ஜுன்னர், சங்கம்னேர் பக்கத்து மக்கள் கொதித்துப்போனார்கள்.

வானியலாளர்கள் மிகைப்படுத்தவில்லை. முப்பது கிண்ணங்களும் விரிந்து கிடக்கும் நிலத்துக்கு நடுவே ஒரு ரயில்பாதை போனால், சுரங்கமோ தடுப்புச் சுவரோ கட்டி முழுக்க மறைப்பது பெரும்பாடு. எஸ்.கே.ஏ.வில் சேர இந்தியா 2024 தொடக்கத்தில் 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கும்போது, கையிலிருக்கும் கருவியைச் செவிடாக்கிக்கொள்வதும் புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் கரூவில் பண்ணைக்குப் பணம் கொடுத்தார்கள், க்ரீன் பேங்கில் நாய்க்கு மெத்தை வாங்கிக் கொடுத்தார்கள். ரயிலை இழந்த தாலுகாவுக்கு ஈடாக என்ன என்பதை, பாதையை மாற்றுகிறோம் என்று சொன்ன அதே நாளில் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் செலவு ரயில்வேயின் கணக்கில் அல்ல, தொலைநோக்கியின் கணக்கில் ஏற வேண்டியது.